மாதிரி மின்சார என்ஜின்களுக்கு ஒலியூட்டுதல்

திருவனந்தபுரம் நகரின் தம்பானூர்ப் பகுதியிலுள்ள ரயில் நிலையம் 1931ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதற்கு முன், 1918இல் கொல்லத்திலிருந்து வந்த மீட்டர் பாதை, கடற்கரையை ஒட்டிய பகுதியோடு நின்றிருந்தது. 1976இல் மீட்டர் பாதை நீங்கி அகலப் பாதை வந்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எர்ணாகுளம் பக்கத்திலிருந்து மின்சார இழுவையும் வந்து சேர்ந்தது. நீராவி, டீசல், மின்சாரம் என்னும் மூன்று இழுவை முறைகளையும் ஒரே நிலையத்தில் கேட்டறிந்த முதியோர் இந்நகரில் இன்றும் உளர். கேட்டறிந்தோர் என்று கூறுவது பொருந்தும். ஏனெனில் ரயில் என்பது கண்ணுக்குப் புலனாவதற்கு முன் பெரும்பாலும் செவிக்கே புலனாகின்றது.

பள்ளிகளிலும் பொருட்காட்சிகளிலும் வைக்கப்படும் மாதிரி ரயில்களில் இந்தச் செவிப்புலன் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டே வந்தது. வண்ணமும் வடிவமும் நுணுக்கமாக அமைந்திருக்கும். என்ஜினோ தையல் யந்திரத்தைப்போல் ஓசையிட்டுக்கொண்டு செல்லும். இக்குறையை நீக்கும் சாதனங்கள் இப்பொழுது கிடைக்கின்றன. மெய்யான என்ஜினின் ஒலியைப் பதிவு செய்து, எண்களாக மாற்றி, தீப்பெட்டியினும் சிறியதான ஒரு மின்னணுப் பலகையில் அடக்கி, மாதிரியின் ஓட்டத்திற்கேற்ப ஒலிக்கச் செய்யும் முறையையே இங்கு விளக்க முற்படுகிறோம். ஒலியியலையும் மின்னியலையும் மாணவர்க்கு ஒருங்கே கற்பிக்க இதனினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

மின்சார என்ஜினில் ஒலிப்பது எது?

மின்சார என்ஜினுக்கு ஒலியே இல்லை என்பது பலருடைய எண்ணம். நீராவி என்ஜினைப்போல் அது பெருமூச்சு விடுவதில்லை. டீசல் என்ஜினைப்போல் உறுமுவதுமில்லை. ஆயினும் நடைமேடையில் அதன் அருகே சில நிமிடம் நின்று உற்றுக் கேட்போர்க்கு அது ஒரு தொழிற்சாலையாகவே தோன்றும்.

தென்னிந்தியப் பாதைகளில் நெடுங்காலமாகப் பழகிய டபிள்யூ.ஏ.பி.-4 என்னும் வகையை முதலில் எடுத்துக்கொள்வோம். சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கட்டப்பெற்ற இவ்வகை என்ஜின்கள் ஈரோடு, அரக்கோணம் முதலிய பணிமனைகளைச் சார்ந்து பணி புரிந்தவை. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் அழுத்தமுள்ள, விநாடிக்கு 50 சுற்றுள்ள மாறுமின்னோட்டம் பாய்கின்றது. காற்றழுத்தத்தினால் பாண்டோகிராப் எனப்படும் சட்டம் உயர்ந்து கம்பியைத் தொடுகின்றது. அப்பொழுது சீறும் ஒலி கேட்கின்றது. அடுத்து முதன்மைச் சர்க்யூட் பிரேக்கர் மூடிக்கொள்ளும் ‘தட்’ என்ற ஓசை எழுகின்றது. இதனை ஓட்டுநர்கள் டி.ஜே. என்று வழங்குவர். பிரெஞ்சு மொழியில் இக்கருவிக்குரிய சொல்லின் சுருக்கமே அது. இந்திய ரயில்வே 1950களின் இறுதியில் இந்த மின்முறையை மேற்கொண்டபொழுது பிரெஞ்சு ரயில்வேயின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டதன் அடையாளம் இன்னும் தொழிலாளர் நாவில் நிலைத்து நிற்கின்றது.

பிரேக்கர் மூடியதும் டிரான்ஸ்பார்மர் ரீங்காரம் செய்யத் தொடங்குகின்றது. அதன் இரும்பு உட்கரு காந்தமாகும்போதெல்லாம் மிகச் சிறிதளவு நீட்சி மாறுபாடு அடைகின்றது. மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் காந்தமாதல், திசை எதுவாயினும், இருமுறை உச்சம் எய்துவதால், 50 சுற்று மின்னோட்டம் விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியைத் தருகின்றது. அதனோடு 200, 300, 400 என்னும் மடங்கு அதிர்வுகளும் கலந்து வரும். தெருமுனையிலுள்ள மின்வாரிய டிரான்ஸ்பார்மரின் அருகிலும் மாணவர் இதே சுருதியைக் கேட்கலாம்.

பின்னர் ‘ஆர்னோ’ எனப்படும் சுழல் மாற்றி இயங்கத் தொடங்குகின்றது. ஒற்றைக் கட்ட மின்சாரத்தை மூன்று கட்ட மின்சாரமாக மாற்றி, விசிறிகளுக்கும் கம்ப்ரசர்களுக்கும் வழங்குவது இதன் பணி. தாழ்ந்த முனகலாகத் தொடங்கி, சில விநாடிகளில் சுருதி ஏறி, ஒரு நிலையில் நின்றுவிடும் இதன் ஒலியே பழைய வகை என்ஜினின் முகவரி எனலாம். பின்னாளில் பல என்ஜின்களில் ஆர்னோவை நீக்கிச் சுழற்சியற்ற மாற்றிகளைப் பொருத்தினர். அவற்றில் இம்முனகல் இல்லை. மாற்றி நிலைபெற்றபின், மோட்டார்களைக் குளிர்விக்கும் புளோயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, காற்றின் பேரிரைச்சலால் மற்றெல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. இடையிடையே கம்ப்ரசர் தொடங்குவதும் நிற்பதும் உண்டு.

வண்டி புறப்படுகையில் ஓட்டுநர் டிரான்ஸ்பார்மரின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துகிறார். இதற்கான படிமாற்றியில் 32 படிகள் உள்ளன. காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு பொறி அதனைத் திருப்புகின்றது. படி ஒவ்வொன்றும் ஏறும்போது ஒரு சிறு தட்டொலி பிறக்கும். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வண்டி அசைவதற்கு முன்பே இத்தட்டொலிகள் சில கேட்டுவிடும். மாதிரிக்கு ஒலியமைப்போர் பெரும்பாலும் தவறவிடும் நுட்பம் இதுவேயாகும்.

டபிள்யூ.ஏ.பி.-7 போன்ற பிந்திய வகைகளின் இயல்பு முற்றிலும் வேறு. இவற்றில் படிமாற்றி இல்லை, ஆர்னோவும் இல்லை. மின்னணு வாயில்கள் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணுள்ள மூன்று கட்ட மின்சாரமாகப் புனைந்து மோட்டார்களுக்கு ஊட்டுகின்றன. வெட்டும் விரைவு செவிக்கு எட்டும் எல்லையில் இருப்பதால், தொடக்க காலத்து தைரிஸ்டர் பொருத்திய என்ஜின்கள் புறப்படும்போது ஒருவகை இசை பிறக்கும். சுருதி ஏறும், திடீரென முறிந்து இறங்கும், மீண்டும் ஏறும். வேகம் மிகும்போது ஒரு சுற்றுக்குரிய வெட்டுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்பாட்டுக் கருவி குறைத்துக்கொண்டே போவதனால் உண்டாகும் விளைவே இம்முறிவு.

2016 முதல் சித்தரஞ்சன் தொழிற்சாலை மூன்று கட்ட வகைகளையே கட்டிவருகின்றது. ஆகவே, ஆர்னோவின் முனகலும் படிமாற்றியின் தட்டொலியும், நீராவியின் ஊதலைப்போலவே, என்றேனும் தம்பானூர் நடைமேடைகளிலிருந்து மறையக்கூடியவை. என்ஜின் பழுதாகிக் கழிக்கப்பட்டாலும் ஒன்றிரண்டை ரயில்வே காட்சிசாலைகளில் நிறுத்தி வைப்பர். ஆனால் நிறுத்திவைத்த என்ஜின் பேசாது. ஒலியைக் காக்க விரும்பினால் அது உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்தல் வேண்டும். மாதிரி ரயில் அன்பர்கள் விளையாட்டாகத் தொடங்கிய இப்பணி, நம் கருத்தில், ஆவணக் காப்பகத்தார் செய்ய வேண்டிய பணியேயாகும்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவது. மைக்கில் அது மின்னழுத்தமாக மாறுகின்றது. அம்மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளியில் அளந்து, அளவை எண்ணாகப் பதிந்துகொண்டே போனால், பின்னர் அந்த எண்களைக் கொண்டு மூல ஒலியை மீண்டும் எழுப்பலாம். எவ்வளவு அடிக்கடி அளப்பது என்பதற்கு ஒரு விதியுண்டு: நாம் காக்க விரும்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும். விநாடிக்கு 31,250 முறை அளந்தால் 15,600 அதிர்வு வரையுள்ள ஒலிகள் தப்பி நிற்கும். என்ஜினுக்கு இது போதுமானது. ஒவ்வோர் அளவையும் 16 இரும எண்களால், அதாவது 2 பைட்டுகளால் குறித்தால், விநாடிக்கு 62,500 பைட் ஆகின்றது. 16 மெகாபைட் நினைவகமுள்ள ஒரு பலகையில் ஏறக்குறைய நான்கரை நிமிட ஒலியையே அடக்க முடியும்.

நான்கரை நிமிடத்தைக் கொண்டு நாள் முழுதும் என்ஜினை ஒலிக்கச் செய்வது எங்ஙனம்? இங்கேதான் தொழில் நுட்பம் தொடங்குகின்றது. புளோயரின் இரைச்சல் போன்ற நிலையான ஒலியில் சில விநாடி நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதன் வாலைத் தலையோடு இணைத்து, வளையமாகச் சுழலவிடுகின்றனர். இணைப்பு சரியாக அமையாவிடில் சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்ற ஓசை எழும். அதனைத் தவிர்க்க, அலை சுழிக்கோட்டைக் கடக்கும் இடத்திலேயே இரு முனைகளையும் வெட்டுதல் வேண்டும். ரீங்காரத்தின் அடிப்படை அதிர்வு 100 ஆதலால் அதன் ஒரு சுற்று 10 மில்லிவிநாடி. வளையத்தின் நீளம் பத்து மில்லிவிநாடியின் முழு மடங்காக இருந்தால் சுருதி தடுமாறாது.

வளையங்களை இணைக்கும் இடைத் துண்டுகளும் வேண்டும். என்ஜின் உறங்கும் நிலை, ஆர்னோ எழும் நிலை, புளோயர் ஓடும் நிலை, இழுக்கும் நிலை, இழுவையின்றி உருளும் நிலை, நிற்கும் நிலை என ஒரு வரைபடம் தீட்டி, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குச் செல்லும்போது எந்தத் துண்டு ஒலிக்க வேண்டும் என்று வகுத்துவிடுகின்றனர். ஊதல், பிரேக்கின் கிறீச்சொலி, காற்று வெளியேறும் சீற்றம் முதலியன இவற்றின்மேல் தனித்தனியே கலக்கப்படும்.

பலகையின் பணி

மாதிரி என்ஜினுக்குள் பொருத்தப்படும் பலகையை டிகோடர் என்பர். பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினர். எண்முறையில் தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு அழுத்தமும் இருக்கும். அதன் திசை மட்டும் விநாடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டிருக்கும். திசை மாற்றம் 58 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை நிகழ்ந்தால் அது ‘ஒன்று’ என்னும் குறி. 100 மைக்ரோவிநாடியும் அதற்கு மேலும் ஆனால் ‘சுழி’. இக்குறிகளின் கோவையே ‘மூன்றாம் எண் என்ஜினே, இந்த வேகத்தில் செல், ஊதலை ஒலி’ என்னும் கட்டளையாகின்றது. ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதனைப் பொதுத்தரமாக ஏற்றது. ஆகையால் ஒருவர் செய்த கட்டுப்பாட்டுப் பெட்டியும் மற்றொருவர் செய்த டிகோடரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

டிகோடர் மோட்டாருக்கு மின்சாரத்தை நறுக்கி நறுக்கி வழங்குகின்றது. நறுக்குகளின் இடைவெளியில், சுழலும் மோட்டார் தானே ஒரு டைனமோவாகி எதிர் மின்னழுத்தம் தருகின்றது. அதனை அளந்தால் மோட்டாரின் மெய்யான வேகம் தெரிந்துவிடும். கட்டளையிட்ட வேகத்திற்கும் மெய்யான வேகத்திற்கும் உள்ள வேற்றுமையைக் கொண்டு, ஏற்றத்தில் செல்கிறதா, இறக்கத்தில் உருள்கிறதா என்பதையும் டிகோடர் ஊகித்து, ஒலியை அதற்கேற்ப மாற்றுகின்றது. நறுக்கும் விரைவை விநாடிக்கு 20,000க்கு மேல் வைப்பது நலம். இல்லையேல் மாதிரியின் மோட்டாரே முனகி, அரிதில் பதிவு செய்த ஒலியைக் கெடுத்துவிடும்.

சிறிய வாயில் பெரிய ஒலி

மிகவும் இடர்ப்பாடானது ஒலிபெருக்கியே. ‘எச்.ஓ.’ எனப்படும் அளவு 87இல் ஒரு பங்கு. அதற்குள் பொருத்தக்கூடிய ஒலிபெருக்கி சர்க்கரைக் கட்டி அளவினது. விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 3.4 மீட்டர். இத்தனை சிறிய தகட்டால் அத்துணை நீண்ட அலையைத் தள்ள இயலாது. ஆயினும் நாம் ரீங்காரத்தைக் கேட்கிறோம்! காரணம், 200, 300, 400 என்னும் மடங்குகள் செவியை அடைந்தால், விடுபட்ட 100ஐ நம் மூளை தானே நிரப்பிக்கொள்கின்றது. பழைய தொலைபேசி 300 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றை வெட்டிவிடும். ஆண்குரலின் அடிப்படையோ பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடையில் உள்ளது. எனினும் தந்தையின் குரலை மகன் பெண்குரலென்று மயங்குவதில்லை அன்றோ? ஆகவே ஒலியைச் சீர்செய்வோர் 200க்குக் கீழுள்ள பகுதியை வடித்துவிடுவதே முறை. அதனை வைத்திருந்தால் தகடு வீணே துள்ளிக் கரகரக்கும்.

ஒலிபெருக்கியை ஒரு சிறு பெட்டியில் காற்றுப் புகாதவாறு அடைத்தலும் இன்றியமையாதது. தகட்டின் முன்புறம் அழுத்தம் கூடும்போது பின்புறம் குறைகின்றது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதனை வகுப்பில் ஒரு நிமிடத்தில் காட்டலாம். பழைய வானொலியின் ஒலிபெருக்கியைக் கழற்றி வெறுமனே ஒலிக்கவிடுக. பின்னர், தகட்டின் அளவுக்குத் துளையிட்ட ஓர் அட்டையின் பின்னால் அதனை ஒட்டி வைத்து ஒலிக்கவிடுக. தாழ்ந்த ஒலிகள் திடீரெனப் பெருகுவதைக் கடைசி வரிசை மாணவரும் உணர்வர்.

அளவைக் குறைப்பதில் எவற்றைக் குறைக்க வேண்டும், எவற்றைக் குறைக்கலாகாது என்பது சுவையான வினா. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளத்தின் இணைப்புகளை 0.78 விநாடிக்கு ஒருமுறை கடக்கும். மாதிரியில் இணைப்புகளின் தொலைவு 15 சென்டிமீட்டர். வேகம் விநாடிக்கு 19 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் அதே 0.78 விநாடியே வருகின்றது. நீளமும் வேகமும் சுருங்கினும் காலம் சுருங்குவதில்லை. ஆதலின் ஒலியின் சுருதியையும் மாற்றலாகாது. மாற்ற வேண்டியது வலிமையை மட்டுமே. மாதிரியை ஒரு மீட்டர் தூரத்தில் நின்று காண்பது, மெய்யான என்ஜினை 87 மீட்டருக்கு அப்பால் நின்று காண்பதற்கு ஒப்பாகும். அத்தொலைவில் ஒலி ஏறக்குறைய 39 டெசிபெல் தணிந்துவிடும். பொருட்காட்சிகளில் மாதிரி என்ஜின்களை அலறவிடும் வழக்கம் நம் செவிக்கு உகந்ததன்று, மெய்ம்மைக்கும் உகந்ததன்று. கூட்டத்தில் கேட்கும் அளவுக்கு ஒருபடி கூட்டி, அதனோடு நிறுத்துதல் சாலும்.

தம்பானூரைப்போல் கடலோரத்திலுள்ள ஊர்களில் வேறொரு தொல்லையும் உண்டு. ஈரக்காற்றில் மாதிரித் தண்டவாளம் விரைவில் மங்கி, சக்கரத்திற்கு மின்சாரம் இடையறாது கிட்டுவதில்லை. மோட்டார் ஒரு கணம் தயங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஒலி ஒரு கணம் அறுந்தால் செவி உடனே கண்டுகொள்ளும். எனவே மின்சாரத்தைச் சேர்த்துவைத்து இடைவெளியில் வழங்கும் மின்தேக்கி ஒன்றை டிகோடரோடு இணைப்பது வழக்கம். தண்டவாளத்தை நாள்தோறும் துடைப்பதும் அவசியமே.

அயல் ஒலியும் நம் ஒலியும்

கடைகளில் கிடைக்கும் டிகோடர்கள் பலவற்றில் ஐரோப்பிய, அமெரிக்க என்ஜின்களின் ஒலிகளே ஏற்றப்பட்டிருக்கும். சில சமயம் இது பொருந்தியும் விடுகின்றது. டபிள்யூ.ஏ.பி.-5 வகை சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினின் வழித்தோன்றல் ஆதலால் அந்நாட்டு ஒலி அதற்கு உறவுமுறை எனலாம். ஆனால் டபிள்யூ.ஏ.பி.-4க்கு அத்தகைய உறவு எளிதில் வாய்ப்பதில்லை. அன்றியும் ஊதல் நம்முடையதாக இராவிடில் நம் நாட்டுச் சிறுவர் ஒரு நொடியில் சிரித்துவிடுவர். மாதிரிகளின் அளவிலும் இத்தகைய இணக்கம் உண்டு: நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19.3 வரும், ஆயினும் கடையில் கிடைக்கும் பாதை 16.5 மில்லிமீட்டரே. கண் இதனைப் பொறுத்துக்கொள்கின்றது. செவி அவ்வளவு பொறுமையுடையதன்று.

இறக்குமதியான டிகோடரின் விலை பள்ளிகளுக்குச் சுமையாகலாம். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ பலகைகள் இருக்கும். அதனோடு நினைவட்டையிலிருந்து ஒலியை வாசிக்கும் மலிவான சிறு பலகையையும் ஒரு சாதாரண ஒலிபெருக்கியையும் இணைத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டால், மேற்கூறிய நிலைகளையும் வளையங்களையும் மாணவர் தாமே வகுத்துப் பார்க்கலாம். ஒலி என்ஜினோடு நகராது. கற்பதற்கு அது தடையன்று. மாதிரி ரயிலைப் பெருமளவில் அமைத்துக் காட்டுவதன் பயனை நேரில் காண விரும்புவோர், 1998இல் புனே நகரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற ஜோஷி குறு ரயில் காட்சிசாலையைக் காணலாம்.

கேளாத ஆபத்து

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்கள் இந்த மாதிரியைக் கொண்டு மற்றொன்றையும் விளக்க வேண்டும் எனக் கோருகிறோம். டீசல் என்ஜின் இழுத்துக்கொண்டு வருகையில் அதன் உறுமல் தொலைவிலேயே கேட்கும். மின்சார என்ஜின் இழுவையின்றி உருண்டு வரும்போது முன்புறம் கேட்கும் ஒலி மிகக் குறைவு. புளோயரின் இரைச்சல் பக்கங்களிலேயே மிகுதி. தண்டவாளம் நீளமாகப் பற்றவைக்கப்பட்ட இடங்களில் பழைய ‘தடக் தடக்’ ஓசையும் இல்லை. டீசல் காலத்தில் செவியை நம்பிப் பாதையைக் கடந்து பழகியோர்க்கு, மின்மயமான பாதையில் அந்தப் பழக்கமே பகையாகிவிடுகின்றது. காதில் ஒலிக்கருவி மாட்டிய இளைஞர்க்கோ கேட்கவேண்டுவதில்லை. மாதிரியில் இழுவை ஒலியை நிறுத்தி, சக்கர ஒலியை மட்டும் வைத்து, மாணவர் ஒருவரைக் கண்ணை மூடச் செய்து, வண்டி அருகில் வரும்போது கையுயர்த்தச் சொன்னால் போதும். கை எவ்வளவு காலந்தாழ்ந்து உயர்கின்றது என்பதை வகுப்பு முழுவதும் காணும்.

பதிவு செய்வோர்க்கு

நடைமேடையில் நின்றே பதிவு செய்தல் வேண்டும். முன்னதாக நிலைய அதிகாரியின் அனுமதி பெறுதலும் வேண்டும். அனுமதியின்றிப் பாதையில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். மைக்கை நீண்ட கழியில் கட்டி உயர்த்துவது கூடவே கூடாது. 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டுவதில்லை, நெருங்கினாலே உயிர் போகும். அதிலிருந்து எப்பொருளும் இரண்டு மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்பது ரயில்வேயின் விதி.

தம்பானூர் போன்ற பெருநிலையத்தில் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி வரும் அறிவிப்புகளும், கூரையிலிருந்து மீளும் எதிரொலியும், மழைக்காலத்தில் கூரைமேல் விழும் நீரின் ஓசையும் பதிவைக் கெடுக்கும். கூரை முடிந்து திறந்த வெளி தொடங்கும் நடைமேடையின் கோடியில், என்ஜினுக்குப் பக்கவாட்டில் நிற்பது நன்று. மைக்குக்குப் பஞ்சுறை இடுக. விநாடிக்கு 48,000 அளவில் பதிந்து, பின்னர் குறைத்துக்கொள்க; குறைத்துப் பதிந்ததைப் பின்னர் கூட்ட இயலாது. நிற்கும் ஒலி, புறப்படும் ஒலி, கம்ப்ரசர் தொடங்கி நிற்கும் ஒலி ஆகியவை ஒரே என்ஜினிலிருந்து கிடைத்தல் வேண்டும். இரண்டு என்ஜின்களின் ஆர்னோ ஒரே சுருதியில் பாடுவதில்லை. பதிவின் தொடக்கத்திலேயே நாள், நேரம், நிலையம், என்ஜினின் வகை, எண், பணிமனையின் பெயர், மைக்கு நின்ற இடம் ஆகியவற்றைத் தம் குரலாலேயே சொல்லிப் பதிந்துவிட்டால், எழுதிவைத்த சீட்டுத் தொலைந்தாலும் விவரம் தொலையாது.